எஞ்சிய வரப்பு

பல் இல்லாத வாய்க்குத் தமிழில் பெயர் இருக்கிறது. பொக்கை வாய். மணி பிடிக்காத கதிரையும் எங்க ஊர்ப் பக்கம் பொக்குன்னுதான் சொல்வாங்க. உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கைக்குழந்தை பொக்கை வாயால் சிரித்தால் தூக்கிக் கொஞ்சுகிறோம். காந்தியின் பொக்கைவாய்ச் சிரிப்பைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறோம். 48 வயதுப் பெண் ஒருத்தி பொக்கை வாயோடு சிரித்தால் மட்டும் அதை எப்படிப் பார்ப்பது என்று நமக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அதனால் அவள் சிரிப்பதில்லை. நான் என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

வாய்க்குப் பெயர் இருக்கிறது, சரி. பல் இருந்த இடத்துக்கு? ஈறுக்கு அடியில் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த எலும்புக்கு, பல் போன பிறகு என்ன பெயர்? போன வருஷம் ஐப்பசியில் பத்துப் பதினைந்து நாள் இந்த ஒரு சொல்லுக்காக அலைந்தேன். மருந்துப் பரிசோதனைகளுக்கான ஒப்புதல் படிவங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. சொல் தேடுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆனால் இந்தச் சொல்லைத் தேடியதற்குக் காரணம் வேறு. ஒரு தவறான சொல்லால் என் அம்மா குடம் தூக்குவதை நிறுத்தியிருந்தாள்.

அம்மாவுக்கு முதல் பல் ஆட ஆரம்பித்தபோது வயது 36. கீழ் முன்பல். ஆடுற பல்லைப் புடுங்கினா கண்ணு போயிரும்னு பாட்டி சொல்லி, ஒரு வருஷம் அப்படியே விட்டார்கள். பிறகு வலி தாங்காமல் டவுனில் ஒரு கிளினிக்கில் பிடுங்கினார்கள். அடுத்த வருஷம் பக்கத்துப் பல். அதற்கடுத்து கடைவாய். பல்லுக்கு 200 ரூபாய். 41 வயதில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது, இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் என்பதை நான் ரொம்பப் பிறகுதான் படித்தேன். அந்தக் கிளினிக்கில் ஒரு தடவைகூட யாரும் ஈறைச் சுத்தம் பண்ணினால் மீதிப் பல் நிற்கும் என்று சொல்லவில்லை. ஆடுது, புடுங்கிருவோம். அவ்வளவுதான் பேச்சு. 45 வயதில் கடைசிப் பல்லும் போய், பல் செட் வந்தது.

மேல் செட் ஓரளவு நின்றது. கீழ் செட் முதல் நாளிலிருந்தே மிதந்தது. "வாய்க்குள்ள தோணி ஓடுற மாதிரி இருக்கு பாப்பா" என்பாள். சாத்தூர்க்காரிக்கு சேவு தின்ன முடியவில்லை என்றால் அது சின்னத் துக்கம் இல்லை. பொங்கலுக்குப் பனங்கிழங்கு அவிக்கும்போது அடுப்பங்கரைப் பக்கமே போக மாட்டாள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டாள். "சுகர் மாத்திரை போடணும், வீட்ல போய் சாப்பிட்டுக்கிறேன்" என்று கிளம்பிவிடுவாள். எல்லோரும் நம்பினார்கள்.

மதுரைக்கு அழைத்துப் போனேன். முதுகலை படிக்கும் இளம் டாக்டரம்மா ஒருவர் கையுறை போட்ட விரலால் கீழ்த்தாடையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார். பொறுமையானவர். நல்லவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "லோயர் ரிட்ஜே இல்லம்மா. எலும்பு கரைஞ்சு போச்சு. அதான் செட் நிக்க மாட்டேங்குது" என்றார். சீட்டில் ஆங்கிலத்தில் எழுதினார்: சிவியர்லி ரிசார்ப்டு மாண்டிபுலர் ரிட்ஜ்.

திரும்பி வரும்போது பஸ் விருதுநகர் தாண்டும்வரை அம்மா பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ கால் எலும்பும் கரைஞ்சுக்கிட்டுத்தான இருக்கும்?"

இல்லம்மா, அது வேற என்றேன். என்ன வேறு என்று சொல்ல எனக்கு அப்போது தெரியாது. அடுத்த வாரம் போன் பண்ணியபோது அப்பா சொன்னார், "உங்கம்மா கொடம் தூக்க மாட்டேங்கிறா. மச்சுப்படி ஏறுறப்ப செவத்தப் புடிச்சுக்கிட்டே ஏறுறா. கேட்டா எலும்பு கரையுதாம்." உப்பு கரையும், சர்க்கரை கரையும், மழையில் மண்சுவர் கரையும். கரைந்தது திரும்பாது. ஒரு இடத்தில் கரைய ஆரம்பித்தால் நிற்கவும் நிற்காது. ஒரு சொல்லைக் கேட்டு அதன் முழு அர்த்தத்தையும் அம்மா எடுத்துக்கொண்டாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது.

எனவே படிக்க ஆரம்பித்தேன்.

*

தாடை எலும்பு ஒரே எலும்பு மாதிரி தெரிந்தாலும் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. கீழே இருப்பது அடித்தாடை. அதன்மேல் லாடம் போல வளைந்து நிற்கும் மேடு ஒன்று உண்டு. பற்களின் வேர்கள் புதைந்திருக்கும் குழிகள் அந்த மேட்டில்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அதற்கு ஆல்வியோலர் எலும்பு என்று பெயர். ஆல்வியோலஸ் என்றால் லத்தீனில் சின்னக் குழி. பல்லைத் தாங்குகிற எலும்புக்கு அதிலிருக்கும் பள்ளங்களை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த மேட்டுக்கு ஒரு விசேஷம். பல் முளைக்கும்போது இதுவும் கூடவே வளர்கிறது. பிறவியிலேயே பல் உருவாகாதவர்களுக்கு அந்த இடத்தில் இந்த மேடும் சரியாக உருவாவதில்லை. பல் இருக்கும்வரை மெல்லும் ஒவ்வொரு முறையும் வேரைச் சுற்றியிருக்கும் நார்கள் வழியாக எலும்புக்கு ஓர் இழுப்பு போகிறது. பல்லைப் பிடுங்கினால் அந்த இழுப்பு நிற்கிறது. குழியின் உள்சுவராக இருந்த மெல்லிய எலும்பு முதலில் போகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒற்றைக் கடைவாய்ப் பல் பிடுங்கிய இடங்களை ஒரு வருஷம் அளந்து பார்த்தார்கள். மேட்டின் அகலம் சராசரியாக 12 மில்லிமீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 6 ஆகியிருந்தது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிட்டது. ஒரு பல்லுக்கே இப்படி. அம்மா 9 வருஷத்தில் எல்லாப் பல்லையும் இழந்தவள்.

பல் போன பிறகு மிஞ்சும் மேட்டுக்கு மருத்துவத்தில் தனிப்பெயர் உண்டு: ரெசிடுவல் ரிட்ஜ். செயற்கைப் பல் துறைக்கென்றே ஒரு சொற்களஞ்சியம் 1956-லிருந்து வந்துகொண்டிருக்கிறது. 2017-இல் அதன் ஒன்பதாம் பதிப்பு வந்தது. பற்கள் நீங்கிய பின் எஞ்சும் எலும்பையும் அதன்மேல் போர்த்தியிருக்கும் மென்திசுவையும் சேர்த்துத்தான் அதில் அந்தப் பெயரால் குறிக்கிறார்கள். பல் இருக்கும்போது ஒரு பெயர், போன பிறகு வேறு பெயர். தாலி கழற்றிய பிறகு பெண்ணுக்கு வேறு பெயர் வைப்பது மாதிரி என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. அது இப்போது வேறு வேலை செய்யும் எலும்பு. குழிகள் மூடிவிட்டன. இனி செட்டைச் சுமக்க வேண்டும். அதற்காகப் படைக்கப்பட்டது இல்லை அது.

டக்ளஸ் அட்வுட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1963-இல் இந்த மேடு தாழ்ந்துபோகும் விதத்தை ஆறு நிலைகளாகப் பிரித்தார். பல் இருக்கும் நிலை. பல் பிடுங்கியவுடன் உள்ள நிலை. உயரமாக உருண்டையான மேடு. கத்திமுனை மேடு. தாழ்ந்து உருண்டையான மேடு. கடைசியாக, பள்ளம். அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தபோது ஒரு மலை தேய்ந்து சமவெளியாவதைப் பார்ப்பது போல இருந்தது. அம்மா ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். நாலாவது நிலையில்தான், எலும்பு கத்திபோலக் கூர்ந்து நிற்கும்போதுதான், செட் போட்டால் அதிகம் வலிக்குமாம். அம்மா எப்போது அதைத் தாண்டினாள் என்று யோசித்தேன். ஒரு தீபாவளி முழுக்க அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே முறுக்கு சுட்டது ஞாபகம் வந்தது.

அன்டியே டால்கிரென் என்ற ஆய்வாளர் செட் அணிந்தவர்களை 25 வருஷம் தொடர்ந்து படமெடுத்து 1972-இல் முடிவுகளை வெளியிட்டார். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை மேடு ஏறக்குறைய 4 மடங்கு அதிகமாகக் குறைகிறது என்று அதில் தெரிந்தது. "மேல ஒழுங்கா நிக்குது, கீழ மட்டும் என்ன கேடு" என்று அம்மா 3 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கான விடை நான் பிறப்பதற்கு வெகுமுன்பே அச்சாகி இருந்திருக்கிறது. போதாததற்கு மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் உட்கார இடம் இருக்கிறது. கீழே அதில் பாதி இடம்தான். நடுவில் நாக்கு வேறு சும்மா இருப்பதில்லை.

இன்னொன்றும் படித்தேன். மேல்மேடு தேயும்போது உள்நோக்கிச் சுருங்குகிறது. கீழ்மேடு தாழத் தாழ அதன் வளைவு வெளிப்பக்கமாக அகன்றுகொண்டே போகிறது. அதனால்தான் பல் போனவர்களுக்கு மேலுதடு உள்ளே போய், மோவாய் முன்னால் வந்து, மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று தொடப் பார்க்கின்றன. கிழவி முகம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் வயதின் முகம் இல்லை, பல் போன முகம். அம்மாவுக்கு 48. சித்திக்கும் அவளுக்கும் 9 வயதுதான் வித்தியாசம். போன திருவிழாவில் வளையல்காரர், "பேத்திக்கா பாட்டி?" என்று அம்மாவிடம் என்னைக் காட்டிக் கேட்டார்.

*

சரி, இதையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் அலுவலகச் சொற்பட்டியலில் 'போன் ரிசார்ப்ஷன்' என்பதற்கு 'எலும்பு அரிப்பு' என்று போட்டிருக்கிறது. அதைச் சொன்னால் சொறிந்துகொள்ளத் தோன்றும். 'ரெசிடுவல்' என்பதற்கு எச்சம். அழகான சொல்தான். இலக்கணத்தில் முடியாமல் நிற்கும் வினை எச்சம். ஒருவர் போன பிறகு விட்டுச்செல்லும் பிள்ளைகளும் எச்சம். ஆனால் எங்கள் ஊரில் எச்சம் என்றால் காக்கா போடுவது. 'ஈறு' என்று போடலாமா? ஈறு என்றால் முடிவு என்றும் பொருள். இருக்கிற பயம் போதாதா?

ரிசார்ப்ஷன் என்ற சொல்லின் வேருக்கு, திரும்ப உறிஞ்சிக்கொள்வது என்று பொருள். நிஜத்தில் நடப்பதும் அதுதான். எலும்பைச் சிதைப்பதற்கென்றே உடம்பில் செல்கள் இருக்கின்றன. கட்டுவதற்கும் இருக்கின்றன. எல்லா எலும்பிலும் வாழ்நாள் முழுக்க இரண்டும் மாறிமாறி வேலை பார்க்கின்றன. பல் போன இடத்தில் சிதைப்பது கட்டுவதை முந்துகிறது. அங்கிருந்து எடுக்கப்படும் சுண்ணாம்புச் சத்து ரத்தத்துக்குத் திரும்புகிறது. கரைந்து காணாமல் போகவில்லை. உடம்பு தான் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

அந்த சனிக்கிழமை ஊருக்குப் போய், திண்ணையில் உட்கார வைத்து, இதைச் சொன்னேன். பென்சிலால் தாளில் தாடையை வரைந்து, மேட்டை வரைந்து, பல்லை வரைந்து, அழித்துக் காட்டினேன். கால் எலும்பு நடக்கிற வரைக்கும் அதுக்கு வேலை இருக்கு, இது பல்லுக்காகவே வந்த மேடு, பல்லு போனதால தாழ்ந்துருச்சு என்றேன். அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"வரப்பு மாதிரி."

"என்னம்மா?"

"இந்தா, நீ வரைஞ்சிருக்கியே, இது வரப்புல்ல? வெள்ளாமை வைக்காத காட்டுல வரப்பு எத்தனை நாளைக்கு நிக்கும்? நம்ம கிழக்காட்டப் பாரு. உங்க தாத்தா போன பெறகு உழல. அஞ்சு மழைக்கு வரப்பு இருந்த தடமே இல்ல."

ரிட்ஜ் என்ற சொல்லுக்கு நான் முகடு, மேடு, விளிம்பு என்று மூன்று அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வரப்பு எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்போ மண்ணு எங்க போச்சு?" என்று நான் கேட்டேன், அவள் என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று.

"எங்க போகும்? அதே காட்டுலதான் கெடக்கு."

இதைவிடச் சரியாக ரிசார்ப்ஷனை யாரும் எனக்கு விளக்கியதில்லை. குடத்தை அன்றைக்கே எடுத்தாளா என்று கேட்டால், இல்லை. செவ்வாய்க்கிழமை எடுத்தாளாம். அப்பா போன் பண்ணிச் சொன்னார்.

*

பெயர் கிடைத்ததால் செட் நின்றுவிடாது. மறுபடி மதுரைக்குப் போனோம். இந்த முறை அம்மாவே பேசினாள். "வரப்பு தாழ்ந்துருச்சு டாக்டரம்மா, இதுல எப்படி நிப்பாட்டப் போறீங்க?" டாக்டரம்மா சிரித்துவிட்டு, அந்தச் சொல்லை எழுதி வைத்துக்கொண்டார்.

இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, கீழ்த்தாடையின் முன்பகுதியில் 2 டைட்டானியம் திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் செட்டைப் பொத்தான் போல மாட்டுவது. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்பதை ஸ்வீடனின் பிரோனெமார்க் கண்டுபிடித்து, 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு 2 திருகுகள் மேல் நிற்கும் செட்டைத்தான் முதலில் பரிந்துரைக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். அந்தத் திருகு எலும்புக்கு மறுபடி வேலை கொடுப்பதால், அந்த இடத்தில் தேய்வும் மட்டுப்படுகிறது. வெள்ளாமை திரும்ப வருகிற மாதிரி. எங்களுக்குச் சொன்ன செலவு 70,000 ரூபாய்.

"இவ தம்பி பீசு கட்டணும்" என்றாள் அம்மா. நான் தருகிறேன் என்றேன். "நீ தருவ. நீ தர்றதுல பீசு கட்டலாம்." டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கு எந்தச் சொல்லும் உதவவில்லை.

இரண்டாவது வழி, செட்டையே கவனமாக மறுபடி செய்வது. செட்டைப் பிடித்துவைப்பது பசை இல்லை. செட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் எச்சில் படலம்தான். ஈரக் கண்ணாடித் துண்டு இரண்டை ஒட்டிவைத்தால் பிரிக்க முடியாதே, அதே விஷயம். அதற்கு ஓரங்கள் கச்சிதமாக இருக்க வேண்டும். அம்மாவை நாக்கை நீட்டச் சொல்லி, உதட்டைக் குவிக்கச் சொல்லி, விழுங்கச் சொல்லி, அந்த அசைவுகளோடு சேர்த்தே அச்சு எடுத்தார்கள். நாலைந்து தடவை போய்வந்தோம். மெழுகில் பல்லை நிறுத்தி, பேசச் சொல்லிப் பார்த்தார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியலில் த, ந பிறக்கும் இடம் அண்ணத்தை ஒட்டிய பல்லின் அடி என்றும், வ பிறக்க பல்லும் இதழும் சேர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. பல் போனவளுக்கு முதலில் தடுமாறியது அந்த எழுத்துகள்தான். என் தம்பி பெயர் வசந்தன். 3 வருஷமாக அம்மா அவனை 'சின்னவனே' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெழுகுப் பல்லோடு டாக்டரம்மா "ஏதாவது பேசுங்கம்மா" என்றதும் அவள் சொன்ன முதல் சொல் அவன் பெயர்.

புது செட்டைக் கையில் கொடுக்கும்போது ஒரு கண்டிஷன் போட்டார்கள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். ஈறுக்கு ஓய்வு வேண்டும். பொருந்தாத செட்டின் அழுத்தம் எலும்புத் தேய்வைக் கூட்டும் என்றும், கழற்றாமல் தூங்கினால் ஈறு புண்ணாகும் என்றும் சொன்னார்கள். "பழைய செட்டை நைட் கழட்டுவீங்களாம்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை. அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. 3 வருஷமாக ஒரு ராத்திரிகூட அவள் கழற்றியதில்லை. அந்த மிதக்கிற செட்டோடுதான் தூங்கியிருக்கிறாள். அப்பா பார்த்துவிடக் கூடாது என்று. காலையில் அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் போய்க் கழுவி மாட்டிக்கொள்வாளாம். எலும்பு தேய்ந்ததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரு முகத்தை மறைக்க இத்தனை ராத்திரி வலியோடு படுத்திருந்தாள் என்பது என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. அட்வுட் 1971-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இதை ஒரு பெரிய வாய்நோய் என்று அறிவித்தார். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. நோய் என்றால் மறைத்துவைக்க வேண்டியதில்லை.

இப்போது அடுப்படி மாடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. ராத்திரி செட் அதில்தான். முதல் வாரம் விளக்கை அணைத்த பிறகு கழற்றினாளாம். இப்போது சீரியல் பார்க்கும்போதே கழற்றிவிடுகிறாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் கவனித்தாரா என்பதே சந்தேகம் என்கிறாள் அம்மா, லேசான கோபத்தோடு. சேவை இன்னும் கடிக்க முடியாது. ரசத்தில் ஊறவைத்துத் தின்கிறாள். அது சேவே இல்லை என்று அவளே சொல்கிறாள். இட்லி, மீன், வெந்த கறி நன்றாகப் போகிறது. திருகு வைக்கும் பேச்சை நான் விடவில்லை, தம்பி படிப்பு முடியட்டும் என்று அவளும் விடவில்லை.

போன மாதம் சித்தி வந்திருந்தாள். கீழ் முன்பல் ஒன்று ஆடுதாம், டவுனில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றிருக்கிறாள். அம்மா அவளைத் திண்ணையில் உட்கார வைத்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதன்மேல் ஒவ்வொரு பல்லாக வரைந்தாள். "இது வரப்பு. இது வெள்ளாமை. புடுங்குறது ஒரு நிமிஷ வேலை. மொதல்ல ஈறு பாக்கிற டாக்டர்ட்ட காட்டி, சுத்தம் பண்ணிப் பாரு. சுகரும் பாரு. அதுக்கப்புறமும் நிக்காதுன்னு அவுகளே சொன்னா புடுங்கு." சித்திக்கு 39 வயது. வருகிற புதன்கிழமை மதுரைக்குப் போகிறார்கள். கூட அம்மாவும் போகிறாள்.